கடைக்குப் போகாத சைக்கிள்

நம் ஊர்களில் ஒரு பெண் சைக்கிளில் போவதைப் பார்த்தால், "எங்கே போகிறாள்?" என்று யாரும் கேட்பதில்லை. "என்ன வாங்கப் போகிறாள்?" என்றுதான் கேட்பார்கள். முன்னால் தொங்கும் கூடையைப் பாருங்கள். கொத்தமல்லிக் கட்டு, ரேஷன் கடைப் பை, குழந்தை மறந்துவிட்டுப் போன சாப்பாட்டு டப்பா, தையற்காரரிடம் கொடுக்க வேண்டிய ரவிக்கைத் துணி. கூடை காலியாக இருந்தால் வாங்கப் போகிறாள் என்று அர்த்தம். நிறைந்திருந்தால் வாங்கிக்கொண்டு திரும்புகிறாள் என்று அர்த்தம். மூன்றாவதாக ஒரு நிலை உண்டென்று நம்மவர்களுக்கு இன்னும் தோன்றவில்லை.

அந்த மூன்றாவது நிலையைப் பற்றித்தான் இப்போது சொல்லப் போகிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், எதையும் வாங்காமல், யாரையும் கொண்டு போய் விடாமல், ஆற்றோரமாகச் சாவகாசமாக ஒரு சுற்று சுற்றிவிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு வீடு திரும்புவது. இதற்கு ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் போக வேண்டியதில்லை. விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் நடுவிலேயே இடம் இருக்கிறது.

"விழுப்புரமா! அங்கே ரயில் மாறலாம், பஸ் மாறலாம். சுற்றிப் பார்க்க என்ன இருக்கிறது?" என்று சிரிக்கிறீர்களா? சென்னையிலிருந்து தெற்கே போகிற ஜனங்களில் முக்கால்வாசிப் பேர் இந்த இரண்டு ஊர்களையும் தூக்கத்திலேயே கடந்து போகிறவர்கள். விழித்துக்கொண்டு பார்த்தால், இந்தச் சீமையில் சைக்கிளுக்கு ஏற்ற இரண்டு சௌகரியங்கள் இருப்பது தெரியும். பூமி பெரும்பாலும் சமதரை. கடலை நோக்கி இலேசாகச் சரிந்து போகிறது. ஆறும் இருக்கிறது. ஒன்றல்ல, இரண்டு.

சைக்கிள் எங்கிருந்து வரும் என்ற கேள்வியைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். அது ஏற்கனவே உங்கள் வீட்டிலோ, உங்கள் பிறந்த வீட்டிலோ இருக்கிறது. 2001-02-ஆம் கல்வியாண்டில், 11-ஆம் வகுப்பில் படிக்கும் ஆதிதிராவிட, பழங்குடி மாணவியருக்கு நம் மாநில அரசாங்கம் விலையில்லாமல் சைக்கிள் கொடுக்கத் தொடங்கியது. 2005-06-இல் அது மற்றப் பிள்ளைகளுக்கும் விரிந்தது. அந்த முதல் வருஷங்களில் சைக்கிள் வாங்கிய பெண்களுக்கு இப்போது நாற்பது வயதை ஒட்டி இருக்கும். அந்த சைக்கிள்கள் என்ன ஆயின? பெண் காலேஜுக்குப் போனாள், பஸ் பாஸ் வந்தது. கல்யாணம் ஆயிற்று, ஸ்கூட்டரின் பின் ஸீட்டு வந்தது. சைக்கிள் தாய்வீட்டுத் திண்ணையிலேயே நின்றுவிட்டது. தம்பி சில நாள் ஓட்டினான். பிறகு அதன் மேல் ஈரத் துணி உலர்த்தினார்கள். ஆனால் ஒன்று. சைக்கிள் துருப்பிடிக்குமே தவிர, கற்றுக்கொண்ட வித்தை துருப்பிடிக்காது. ஏறி உட்கார்ந்து பத்து கஜம் போனால் கால் தானாக ஞாபகப்படுத்திக்கொள்ளும்.

பெண்களும் சைக்கிளும் என்றவுடன் புதுக்கோட்டையைச் சொல்லாமல் போக முடியாது. 1990-களின் தொடக்கத்தில் அந்த மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் எழுத்துக் கற்றுக்கொடுத்தபோது, கூடவே சைக்கிளையும் கற்றுக்கொடுத்தது. அப்போது கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அதற்கு முழு ஊக்கம் கொடுத்தார். வயற்காட்டுப் பெண்களும், கல்லுடைக்கும் பெண்களும், கிராமத்து நர்ஸுகளும் கூட்டம் கூட்டமாகக் கற்றுக்கொண்டார்கள். பத்திரிகையாளர் பி. சாய்நாத் அதைப் பற்றி எழுதும்போது, கற்றுக்கொண்டவர்கள் ஒரு லட்சத்துக்கும் மேல் என்கிறார். பெண்கள் பலர் ஆண்கள் சைக்கிளையே விரும்பினார்களாம். ஏன் தெரியுமா? நடுவிலுள்ள குறுக்குக் கம்பியில் குழந்தையை உட்கார வைக்கலாம் அல்லவா! பாருங்கள், விடுதலை கிடைத்த இடத்திலும் அம்மாவுக்குக் குழந்தையின் இருக்கைதான் முதலில் கண்ணில் படுகிறது. தண்ணீர்க் குடத்துக்கும் பால் கேனுக்கும் குழந்தைக்கும் அந்த சைக்கிள்கள் உழைத்தன. பஸ்ஸுக்குக் காத்து நின்ற நேரத்தை மிச்சம் பிடித்தன. அந்த மிச்சத்தில் ஒரு அரை நாளையாவது நமக்கென்று செலவழிக்கலாமே என்பதுதான் என் கட்சி.

இரண்டு பாலங்களின் கணக்கு

ஆற்றோரமாகச் சுற்றிவருவது என்றால் கேட்க மிகவும் சுலபமாக இருக்கும். ஒரு கரையோடு போய், மறு கரையோடு திரும்ப வேண்டியதுதானே! ஆனால் ஆற்றை இரண்டு தரம் கடந்தாக வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ஆகவே பாதையைப் பார்ப்பதற்கு முன்னால் பாலத்தைப் பாருங்கள்.

விழுப்புரத்துக்குப் பக்கத்து ஆறு தென்பெண்ணை. கர்நாடகத்து நந்தி மலைப் பக்கம் பிறந்து, கிருஷ்ணகிரி, சாத்தனூர், திருக்கோவிலூர் வழியாக வந்து, கடலூரில் கடலைச் சேர்கிறது. விழுப்புரத்திலிருந்து எல்லீஸ் சத்திரம் சாலையைப் பிடித்துக்கொண்டு போனால் ஒரு மணி நேரத்துக்குள் கரைக்குப் போய்விடலாம். ஆனால் அக்கரைக்குப் போகிற யோசனை வேண்டாம். 1950-ஐ ஒட்டிக் கட்டிய எல்லீஸ் சத்திரம் அணைக்கட்டு எழுபது வருஷம் தாக்குப் பிடித்து, 2021 நவம்பர் வெள்ளத்தில் உடைந்தது. அதைத் திரும்பக் கட்டும் வேலையை எடுத்தார்கள். ஆற்றில் இன்னும் கீழே தளவானூரில் சுமார் 25 கோடி ரூபாய்க்கு ஒரு தடுப்பணை கட்டினார்கள். 2020-இல் திறந்தது, 2021 ஜனவரியிலேயே உடைந்தது. எழுபது வருஷம் நின்றதையும் ஒரு தைப் பொங்கலோடு போனதையும் ஒரே ஆற்றில் பார்க்க வேண்டுமானால் விழுப்புரத்துக்குத்தான் வர வேண்டும்.

அதனால் தென்பெண்ணையை வெள்ளோட்டத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பல வருஷம் கழித்து சைக்கிள் ஏறுகிறவர்கள் முதல் ஞாயிற்றுக்கிழமை கரை வரைக்கும் போய், கொண்டு போன காப்பியைக் குடித்துவிட்டு, வந்த வழியே திரும்பிவிடலாம். முழங்கால் என்ன சொல்கிறது, ஸீட்டு எந்த உயரத்தில் இருக்க வேண்டும், பிரேக் பிடிக்கிறதா என்பதெல்லாம் அன்றைக்கே தெரிந்துவிடும்.

தை மாதம் ஐந்தாம் தேதி மட்டும் இந்தக் கரைக்கு சைக்கிளில் போக முடியாது. நடக்கத்தான் இடம் இருக்கும். அன்று ஆற்றுத் திருவிழா. சுற்று வட்டாரத்துச் சாமிகள் எல்லாம் பிடாகம் முதலான இடங்களில் தென்பெண்ணைக்கு வந்து தீர்த்தவாரி கண்டு போகும். மணலில் கடைகள் முளைக்கும். சுருளிக்கிழங்கு என்று ஒரு கிழங்கு வரும். அதை வாங்காமல் வீடு திரும்பினால் மாமியார்கள் மன்னிக்க மாட்டார்கள். கடைக்குப் போகாத சைக்கிளுக்கு அந்த ஒரு நாள் விதிவிலக்கு என்று வைத்துக்கொள்ளலாம்.

பல பெயர் கொண்ட ஆறு

நம்முடைய சுற்று, இன்னொரு ஆற்றை ஒட்டியது. அதற்குச் சங்கராபரணி என்று பெயர். வராக நதி என்றும் சொல்வார்கள். செஞ்சியாறு என்றும் சொல்வார்கள். செஞ்சிக்கு மேற்கே மலைகளில் பிறக்கிறது. 2025-இல் மராத்தியர் கோட்டைகளோடு சேர்த்து யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்ததே, அந்தச் செஞ்சிக் கோட்டைச் சீமையின் மழைத் தண்ணீரை வாங்கிக்கொண்டு விக்கிரவாண்டிப் பக்கம் வருகிறது. வீடூரில் தொண்டியாறு வந்து சேர, அங்கே அணை. அப்புறம் திருவக்கரை, வில்லியனூர், கடல். ரோமாபுரிக் கப்பல்களோடு வியாபாரம் நடந்த அரிக்கமேடு இதன் கிளை ஒன்றின் கரையில்தான் இருக்கிறது. அவ்வளவு தூரம் நாம் போகப் போவதில்லை.

மயிலத்தில் தொடங்கி, வீடூர் அணை, திருவக்கரை, பெரும்பாக்கம் வழியாக மறுபடி மயிலம். இதுதான் சுற்று. எந்தக் கிராமத்துச் சாலையைப் பிடித்தாலும் மொத்தம் 35 முதல் 45 கிலோமீட்டருக்குள் அடங்கும். பழைய கணக்கில் உத்தேசமாக 25 மைல். மணிக்கு 10 கிலோமீட்டர் என்று வைத்தால் நாலு மணி நேர மிதி. நடுவில் உட்கார, பார்க்க, சாப்பிட இரண்டரை மணி. விடிந்ததும் புறப்பட்டால் ஒரு மணிக்கு முடிந்துவிடும். இதைவிட வேகமாகப் போகிறவர்கள் இந்தக் கட்டுரையைப் படிக்க வேண்டிய அவசியமில்லை.

திண்டிவனத்திலேயே ஏறலாமே என்பீர்கள். வேண்டாம். சென்னை–திருச்சி நெடுஞ்சாலையில் பஸ்களும் லாரிகளும் பறக்கிற பறப்பில் சைக்கிளை ஒரு வாகனமாகவே மதிக்க மாட்டார்கள். நாலு குடும்பம் சேர்ந்தால் 'சின்ன யானை' என்று எல்லோரும் சொல்லும் சிறு லாரி ஒன்றை அமர்த்தி, சைக்கிள்களை மயிலம் வரைக்கும் ஏற்றிப் போய்விடலாம். சென்னையிலிருந்து வருகிறவர்கள் ரயிலில் சைக்கிளைப் பார்சல் பதிவு செய்து கொண்டு வருகிற சிரமத்தை விட, திண்டிவனத்திலோ விழுப்புரத்திலோ இருக்கும் சொந்தக்காரர் வீட்டுச் சைக்கிளைக் கேட்பது உத்தமம். மணிக்கு இத்தனை என்று வாடகை சைக்கிள் கொடுத்த கடைகள் இந்தப் பக்கத்தில் அநேகமாக மறைந்துவிட்டன. புதுச்சேரியில் மட்டும் வெளியூர்க்காரர்களுக்காக இன்னும் கொடுக்கிறார்கள்.

எந்த மாதம்?

இதுதான் முக்கியம். மற்றதெல்லாம் முன்பின் இருக்கலாம்.

இந்த ஆற்றுக்கு வருஷத்தில் பாதி நாள் மணல்தான். ஐப்பசி, கார்த்திகை மழையில்தான் அதற்கு உயிர் வரும். வந்தால் சில சமயம் அளவில்லாமல் வரும். 2024 நவம்பர் 30-ஆம் தேதி இரவு பெஞ்சல் புயல் புதுச்சேரிப் பக்கம் கரையைக் கடந்ததே, ஞாபகம் இருக்கிறதா? அப்போது ஒரே நாளில் மயிலத்தில் கொட்டிய மழை 51 சென்டிமீட்டர். நாம் சைக்கிள் ஏறப் போகிறோமே, அதே மயிலம்தான். இருபது அங்குலத் தண்ணீர் இருபத்து நாலு மணி நேரத்தில்! டிசம்பர் 2-ஆம் தேதி விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் நடுவில் ரயில் பாலத்தில் தண்ணீர் அபாய அளவைத் தாண்டியதால் ரயில்களையே நிறுத்த வேண்டியதாயிற்று. ரயிலே நிற்கிற இடத்தில் சைக்கிளுக்கு என்ன வேலை?

ஆகவே புரட்டாசிக் கடைசி முதல் மார்கழிப் பாதி வரைக்கும் இந்தச் சுற்றை நினைக்க வேண்டாம். கிராமத்துச் சாலைகள் ஓடைகளைக் கடக்கிற இடங்களில் பல, தரைப்பாலங்கள். தண்ணீர் மேலே ஓடும்போது முழங்கால் ஆழம்தானே என்று தோன்றும். அடியில் சாலை இருக்கிறதா, அரித்துப் போய்விட்டதா என்று மேலிருந்து யாராலும் சொல்ல முடியாது. தரைப்பாலத்தின் மேல் தண்ணீர் ஓடினால் சைக்கிளைத் திருப்பிவிடுங்கள். "இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே" என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். அப்படிச் சொல்லத்தான் எந்தக் கூட்டத்திலும் ஒருவர் இருப்பார்.

பங்குனி, சித்திரையில் ஆறும் வறண்டிருக்கும், நீங்களும் வறண்டுபோவீர்கள். மிச்சம் இருப்பது தையும் மாசியும். அணையில் தண்ணீர் இருக்கும், வாய்க்காலில் ஓட்டம் இருக்கும், வெயில் பத்து மணி வரைக்கும் உறைக்காது. அந்த இரண்டு மாதத்தில் எட்டு ஞாயிற்றுக்கிழமைகள். அதில் கல்யாணம், காதுகுத்து, பரீட்சை எல்லாம் போக உங்களுக்கு ஒன்று மிஞ்சும். அதைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை என்று நான் சொல்வதற்கு வேறொரு காரணமும் உண்டு. திருவக்கரை வட்டாரத்தில் கல் குவாரிகள் அதிகம். ஜல்லியும் தூளும் ஏற்றிய லாரிகள் வாரநாட்களில் அந்தச் சாலைகளை நிறைத்துக்கொண்டு போகும், புழுதி வேறு. ஞாயிற்றுக்கிழமையில் அந்தத் தொந்தரவு குறையும். பௌர்ணமியாக இல்லாமலும் பார்த்துக்கொள்ளுங்கள். பௌர்ணமி இரவில் திருவக்கரை வக்கிரகாளியம்மனுக்கு ஜோதி தரிசனம், ஜனக்கூட்டம் தாங்காது. அதற்கென்றே போகிறவர்கள் பஸ்ஸில் போகலாம்.

புறப்படலாமா?

மயிலத்தில் முருகன் கோயில் ஒரு சின்னக் குன்றின் மேல் இருக்கிறது. சூரபத்மன் மயிலாக இருந்து தவம் செய்த மலை என்பது புராணம். பொம்மபுர ஆதீனத்தின் நிர்வாகம். அந்த ஆதீனத்தார் 1938-இல் தொடங்கிய தமிழ்க் கல்லூரி, எத்தனையோ தமிழாசிரியர்களை ஊர் ஊருக்கு அனுப்பியிருக்கிறது. உங்கள் பள்ளிக்கூடத்துத் தமிழ் ஐயா கூட ஒருவேளை மயிலத்தில் படித்தவராக இருக்கலாம். குன்றின் மேல் ஏறுவதானால் சைக்கிளைக் கீழே பூட்டிவிட்டுக் காலால் ஏறுங்கள். இந்தச் சுற்றில் மேடு என்று சொல்லத் தக்கது இது ஒன்றுதான்; அதையும் கடவுளுக்கென்று ஒதுக்கிவிட்டால் கால் வலிக்காது.

அங்கிருந்து வீடூர். வழியெல்லாம் வயல். நெல்லும் கரும்பும் கண்ணில் படும். இடையிடையே மல்லாட்டைக் கொல்லை. மல்லாட்டை என்றால் வேர்க்கடலை. மணிலாக் கொட்டை என்பதை இந்தப் பக்கத்து நாக்கு அப்படிச் சுருக்கி அழகாக்கி வைத்திருக்கிறது. திண்டிவனத்தில் எண்ணெய் வித்து ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. விதைக் கடையில் டி.எம்.வி. என்ற பெயரில் கடலை, எள் ரகங்கள் பார்த்திருப்பீர்கள். அந்த மூன்று எழுத்தும் திண்டிவனத்தைக் குறிப்பவைதான். நீங்கள் சட்னிக்கு வறுக்கிற கடலைக்கும் இந்த ஊருக்கும் அப்படி ஒரு உறவு.

வீடூர் அணை 1959-இல் பாசனத்துக்கு வந்தது. மேட்டூரை மனத்தில் வைத்துக்கொண்டு போகாதீர்கள். உயரம் 32 அடி. கொள்ளளவு 605 மில்லியன் கன அடி. 3,200 ஏக்கருக்குப் பாசனம். அதில் 2,200 தமிழ்நாட்டில், 1,000 ஏக்கர் புதுச்சேரியில். ஒரு மதகைத் திறந்தால் இரண்டு அரசாங்கத்தின் வயல்கள் நனைகின்றன. காவிரிக்கும் இப்படி ஒரு சுபாவம் இருந்திருந்தால் எத்தனை வக்கீல் பீஸ் மிச்சமாகியிருக்கும்! சின்ன அணை என்பதால்தான் கரையில் நின்றால் நீர்ப்பரப்பு முழுவதையும் ஒரே பார்வையில் பார்க்க முடிகிறது. கொக்கும் நாரையும் காலை வெயிலில் வந்து நிற்கும். இங்கே முதல் பலகாரத்தைப் பிரிக்கலாம். பிள்ளைகள் கூட வந்தால் ஒரு கண்டிப்பு: தண்ணீரில் இறங்கக் கூடாது. அமைதியாகத் தெரிகிற நீர்த்தேக்கத்தில் பள்ளமும் சேறும் எங்கே இருக்கின்றன என்று கரையில் இருப்பவர்களுக்குத் தெரியாது.

வீடூருக்குக் கீழே பொம்பூர், எறையூர் முதலான கிராமங்கள் ஆற்றை ஒட்டி இருக்கின்றன. ஆறு சில இடங்களில் தெரியும், சில இடங்களில் மறையும். "ஆற்றின் ஓரமாகவே போகலாமே, ஒற்றையடிப் பாதை இருக்கிறதே" என்று மனசு இழுக்கும். அங்கேதான் சீமைக் கருவேலம் காத்திருக்கிறது. அந்த முள் டயரையும் டியூபையும் ஒரே மூச்சில் தைக்கும். தார்ச் சாலையை விட்டு இறங்க ஆசைப்பட்டால் சைக்கிளை நிறுத்திவிட்டு நடந்து போய் ஆற்றைப் பார்த்துவிட்டு வாருங்கள். ஆற்றைப் பார்க்க சைக்கிள் வர வேண்டுமென்று கட்டாயமில்லை.

கல்லாய்ப் போன காடு

திருவக்கரைக்கு ஒன்பதரை மணிக்குள் வந்துவிட்டால் நடை சாத்துவதற்குள் கோயிலை நிதானமாகப் பார்க்கலாம். சம்பந்தர் பாடிய ஸ்தலம். சந்திரமௌலீசுவரர் மூன்று முகம் கொண்ட லிங்கம். வேறெங்கும் எளிதில் காண முடியாதது. வாசலில் நின்று உள்ளே பாருங்கள். மற்றக் கோயில்களில் கோபுரம், கொடிமரம், நந்தி, கருவறை எல்லாம் நூல் பிடித்தாற் போல ஒரே நேராக இருக்கும். இங்கே ஒன்றுக்கொன்று விலகி இருக்கின்றன. ஊர்ப்பெயரில் உள்ள 'வக்கிர'த்துக்கு ஊர்க்காரர்கள் இதையும் சாட்சி காட்டுவார்கள். இந்தக் கோயிலைக் கல்லால் எடுப்பித்தவர் செம்பியன் மாதேவியார், கண்டராதித்த சோழரின் மனைவி. இளம் வயதில் கணவனை இழந்த அந்த அம்மையார், செங்கல் கோயில்களை ஒவ்வொன்றாகக் கற்றளியாக மாற்றிக்கொண்டே சோழ நாடெங்கும் போயிருக்கிறார். பல்லக்கில் வந்திருப்பார் என்று நினைக்கிறேன். நிச்சயமாகக் காய்கறி வாங்க வரவில்லை.

ஆனால் இந்தச் சுற்றில் எதற்காகவாவது அதிக நேரம் ஒதுக்குவதென்றால், கோயிலிலிருந்து சற்றுத் தூரத்தில் இருக்கும் கல்மரப் பூங்காவுக்கு ஒதுக்குங்கள். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் பாதுகாப்பில் உள்ள தேசியச் சின்னம் அது. செம்மண் மேட்டில் பெரிய பெரிய அடிமரங்கள் கிடக்கின்றன. தூரத்திலிருந்து பார்த்தால் யாரோ அறுத்துப் போட்டுவிட்டு வண்டிக்குக் காத்திருப்பது போல இருக்கும். கிட்டே போய்ப் பார்த்தால் நாரோட்டம் தெரிகிறது, கணு தெரிகிறது, வயதைக் காட்டும் வளையம் கூடத் தெரிகிறது. ஆனால் அத்தனையும் கல்! நீளம் சிலது 15 மீட்டர் வரைக்கும். வயது சுமார் 2 கோடி வருஷம். 1781-லேயே சோனெரா என்ற பிரெஞ்சுக்கார இயற்கை ஆராய்ச்சியாளர் இவற்றைப் பற்றிக் குறித்து வைத்தார்.

மரம் எப்படிக் கல்லாகும்? பிள்ளைகள் கட்டாயம் கேட்பார்கள். பதிலைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். மரம் வெளியில் கிடந்தால் கறையான் தின்னும், மக்கிப் போகும். மண்ணுக்கடியில் காற்றுப் படாமல் ஆழமாகப் புதைந்துவிட்டால் அழுகுவது மிகவும் மெதுவாகிவிடும். மணலில் உள்ள சிலிக்கா என்ற பொருளைக் கரைத்துக்கொண்டு நிலத்தடி நீர் அந்த மரத்துக்குள் ஊறுகிறது. மரத்தின் ஒவ்வொரு இழையும் போகப் போக, அந்த இடத்தில் சிலிக்கா உட்கார்ந்துகொள்கிறது. கடைசியில் மரம் போய்விடுகிறது, மரத்தின் உருவம் மட்டும் கல்லில் நிற்கிறது. இட்லித் தட்டிலிருந்து இட்லி போன பிறகும் துணியில் அதன் வடிவம் பதிந்திருக்குமே, அதைச் சொன்னால் குழந்தைகளுக்குக் கொஞ்சம் புரியும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். இந்த மரங்களுக்கு வேர் இல்லை, கிளை இல்லை, பட்டை இல்லை. வெறும் அடிமரந்தான். அதை வைத்துத்தான், இவை இங்கே வளர்ந்தவை அல்ல, எங்கோ வளர்ந்து வெள்ளத்தில் புரண்டு வரும்போது கிளையும் வேரும் முறிந்து, இங்கே மணலில் புதைந்தவை என்று புவியியலார் சொல்கிறார்கள். 2024-இல் இந்தப் பக்கத்தில் வெள்ளத்தைப் பார்த்தவர்களுக்கு அதைக் கற்பனை செய்வது கஷ்டமில்லை.

சில கல்மரங்கள் நம் புளியமரத்தின் குடும்பத்தைச் சேர்ந்தவையாம். சில ஆமணக்கின் குடும்பமாம். திண்டிவனம் என்ற பெயரே திந்திரிணி வனம், அதாவது புளியங்காடு என்பதிலிருந்து வந்ததென்பார்கள். சாலையை அகலப்படுத்துவதற்காக நம் காலத்தில் வெட்டிய புளியமரங்கள் எத்தனை! அவற்றின் தூரத்துப் பாட்டிமார் இங்கே யாரும் வெட்ட முடியாதபடி படுத்திருக்கிறார்கள். ஒரு சில்லைக் கூட எடுத்துப் பையில் போடாதீர்கள். அது சட்டப்படியும் தப்பு, சைக்கிளுக்கும் பாரம்.

சமையல் யார்?

திருவக்கரையிலிருந்து பெரும்பாக்கம் 7 கிலோமீட்டர். அங்கே மயிலம்–புதுச்சேரிச் சாலை வந்துவிடும். அதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை; கொஞ்சம் வண்டிகள் வரும், இடது ஓரமாக ஒருவர் பின் ஒருவராக வாருங்கள், மயிலம் வந்துவிடும். வழியைவிடச் சிக்கலான விஷயம் வீட்டில் இருக்கிறது.

"ஞாயிற்றுக்கிழமை காலையில் நீ சைக்கிளில் போய்விட்டால் டிபன்?" என்று ஒரு குரல் எழும். அதற்குப் பதிலாகச் சனிக்கிழமை இரவே மாவரைத்து, சட்னிக்குத் தேங்காய் துருவி, குழம்பைக் காய்ச்சி வைத்துவிட்டுப் புறப்பட்டால், போய்வருவதற்குள் நீங்கள் இரண்டு நாள் வேலையை ஒரே நாளில் செய்தவர் ஆவீர்கள். என் யோசனை வேறு. அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். வரமாட்டேன் என்றால், "அத்தைக்கும் குழந்தைகளுக்கும் நீங்களே தோசை வார்த்துக் கொடுத்துவிடுங்கள்" என்று சிரித்த முகத்தோடு சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். பக்கத்து வீட்டு அக்கா, நாத்தனார், காலேஜில் கூடப் படித்தவள் என்று நாலு பேர் சேர்ந்தால் மறுப்புச் சொல்கிறவர்களுக்கும் வாய் அடைத்துவிடும். நாலு பேருக்குக் குறையாமல் போவது பாதுகாப்புக்கும் நல்லது. எந்த வழியாகப் போகிறீர்கள், எத்தனை மணிக்கு எங்கே இருப்பீர்கள் என்பதை ஒரு காகிதத்தில் எழுதி வீட்டில் வைத்துவிடுங்கள். கைபேசி இருக்கிறதே என்று அலட்சியம் வேண்டாம். அதில் சார்ஜ் தீர்வது பெரும்பாலும் நாம் வழி கேட்கும் நேரத்தில்தான்.

கையில் புளியோதரையும் தயிர்சாதமும் போதும். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர். ஒரு காற்றடிக்கும் பம்பு, ஒரு பஞ்சர் ஒட்டும் சாமான் பெட்டி. உடுப்பைப் பொறுத்தவரை, புடவையைவிடச் சல்வார் சௌகரியம் என்று எல்லோரும் சொல்வார்கள். வாஸ்தவம்தான். ஆனால் துப்பட்டா சக்கரத்தில் சிக்கினால் புடவைத் தலைப்பைவிட ஆபத்து. வீட்டிலேயே விட்டுவிடுங்கள், அல்லது இடுப்பில் இறுக்கிக் கட்டிவிடுங்கள்.

பத்திரிகையில் யாரும் எழுதாத ஒரு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். பெண்கள் அரை நாள் வெளியே போகத் தயங்குவதற்குப் பாதிக் காரணம் கழிப்பிடம். அதற்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் போகிறவர்கள் எத்தனையோ பேர். வெயிலில் சைக்கிள் மிதித்துக்கொண்டு அந்தத் தப்பைச் செய்யக் கூடாது. மயிலம் கோயிலடி, திருவக்கரைக் கோயிலடி, பெரிய சாலைகளில் உள்ள பெட்ரோல் பங்குகள் இவற்றை முன்னதாகவே குறித்துக்கொண்டு, அதற்கேற்றபடி நிறுத்தங்களை அமையுங்கள். சுற்றின் அட்டவணையில் அணைக்கும் கோயிலுக்கும் கொடுக்கிற மரியாதையை இதற்கும் கொடுக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்ததும் குளிக்கப் போவதற்கு முன், சைக்கிளைத் தூக்கி நிறுத்திச் சக்கரங்களை மெதுவாகச் சுழற்றிப் பாருங்கள். டயரில் கருவேல முள் ஏதாவது தைத்திருந்தால் அப்போதே பிடுங்கிவிடுங்கள். சில முள் உடனே காற்றை விடாது. ராத்திரி முழுவதும் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, திங்கட்கிழமை காலை பள்ளிக்கூட நேரத்தில்தான் தன் வேலையைக் காட்டும்.